கப்பல் மணியும் ஆறாம் வேற்றுமையும்
நியூசிலாந்துத் 'தமிழ் மணி'யின் பாடமும் பெயர்ப்பும் குறித்த ஒரு திறனாய்வு

நியூசிலாந்தின் வடபகுதியில் கிடைத்துத் 'தமிழ் மணி' என்று பெயர் பெற்ற உடைந்த வெண்கல மணியைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். கடலோடிகள், வரலாற்று ஆர்வலர்கள், நாளிதழ்க் கட்டுரையாளர்கள் என எழுதியோர் பல திறத்தினர். மணியின் விளிம்பைச் சுற்றியுள்ள சில சொற்களை வேற்றுமை வேற்றுமையாகப் பிரித்து நோக்கிய எழுத்து மட்டும் அரிதாகவே காணப்படுகிறது. அச்சொற்கள் 'தமிழ்' என்று அறிந்த அளவில் ஆய்வு முடிந்துவிட்டதாகப் பெரும்பாலோர் கொண்டனர். மணியின் மூலத்தை வரையறுக்க அதன் மொழி எதுவரை துணைசெய்யும், எவ்விடத்தில் துணைசெய்யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்தி சுருக்கமானது. 1836-ஐ ஒட்டி, வாங்கரேய்ப் பகுதியில், வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவச் சமயப் பணியாளர் இம்மணியைக் கண்டார். மாவோரி மக்கள் அதனைத் தலைகீழாக வைத்து உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்திவந்தனர். பெருங்காற்றில் வேரோடு சாய்ந்த ஒரு மரத்தின் வேர்களுக்கிடையே அது கிடைத்ததாக அவர்கள் கூறினர். கொலென்சோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து மணியைப் பெற்றுக்கொண்டார். மணி இப்போது வெலிங்டன் நகரிலுள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. கொலென்சோ அச்சுத் தொழிலர். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டவர். அம்மொழிக்கு அகராதி தொகுக்க முயன்றவர். எழுத்தின் அருமை அறிந்த ஒருவர் கையில் அகப்பட்டதால்தான் இம்மணி அடுப்பிலிருந்து தப்பியது எனலாம்.

பாடம்

மணியின் பாடமாகப் பெரிதும் வழங்குவது 'முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்பது. இப்பாடம் அச்சில் ஒரே வடிவில் வருவதில்லை. வக்குசு என்றும் வகுசு என்றும், கப்பல் என்றும் கபல என்றும் எழுதுவோர் உளர். வேறுபாட்டின் காரணம் வெளிப்படை. புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் ஏட்டுச் சுவடியிலும் கல்லிலும் செப்பேட்டிலும் நெடுங்காலம் இருந்தது. புள்ளியில்லாத எழுத்தை உள்ளவாறே படியெடுப்பவர் கபல என்கிறார். சொல்லை அறிந்து நிரப்புபவர் கப்பல் என்கிறார். இரண்டும் தவறல்ல. ஆனால் எது படி, எது பதிப்பு என்று குறிக்காமல் இரண்டையும் 'கல்வெட்டு வாசகம்' என்ற ஒரே பெயரால் வழங்குவது தவறு. நாளிதழ்க் கட்டுரைகளில் இது மேலும் திருத்தப்பட்டு 'முகைதீன் பக்ஸ் கப்பலின் மணி' ஆகிவிடுகிறது. அப்போது பாடத்தில் எஞ்சுவன மணி என்ற ஒரு சொல்லும் ஒரு பெயரின் நிழலுமே.

பெயரின் முற்பகுதி அரபு. சமயத்துக்கு உயிரூட்டியவர் எனப் பொருள்படும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயராகத் தமிழ் முசுலிம்களிடையே இது பெருவழக்கு. முகியித்தீன், முகைதீன், மைதீன் எனப் பல வடிவங்களில் நடமாடுவது. பிற்பகுதி, அருளியது அல்லது கொடை என்னும் பொருளுடைய பாரசீகச் சொல். தமிழில் மயங்காத மெய்களாகிய கடை இரு ஒலிகளும் உகரம் பெற்று வக்குசு ஆகியுள்ளன. இது தமிழ் ஒலியமைப்பிற்கு முற்றிலும் இயல்பானது. சொன்முதலில் வகரம் நிற்பதே சிந்திக்கத்தக்கது. இத்தகைய அயற்சொற்களின் முதலிலுள்ள ஒலிப்புடைய இதழொலியைத் தமிழ் பெரும்பாலும் பகரத்தால் எழுதும்: பசீர், பாவா. வங்காளம் போன்ற சொற்களில் வகரமும் உண்டு. ஆயின் மணியில் இருப்பது உண்மையில் வகரந்தானா? பகரமும் வகரமும் பழைய கையெழுத்தில் மயங்கக் கூடியவை. நல்வாய்ப்பாக, ஐயம் தீர்க்கும் சான்று மணியிலேயே இருக்கிறது. கப்பல் என்ற சொல்லில் ஐயத்துக்கிடமற்ற பகரம் உண்டு. அதன் வடிவத்தோடு இதனை ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். வக்குசு என்று எழுதியோர் எவரும் இவ்வொப்பீட்டைச் செய்ததாகச் சொல்லவில்லை. பக்ஸ் என்று மாற்றியோரும் அவ்வாறே.

இன்னொன்றும் கருதத்தக்கது. தமிழ் முசுலிம்களிடையே மைதீன் பிச்சை, காதர் பிச்சை போன்ற பெயர்கள் உள்ளன. பிச்சை என்பது இங்கு இரத்தலைக் குறிப்பதன்று. அருளாகப் பெற்ற பிள்ளை என்பதே கருத்து. அதாவது, பாரசீகப் பெயரீற்றின் பொருளைத் தமிழ்ச் சொல்லால் பெயர்த்துக்கொண்ட ஆட்பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. மணிக்குரிய பெயரில் அப்பெயர்ப்பு நிகழவில்லை. பாரசீகச் சொல் ஒலி மாறி அப்படியே நிற்கிறது. உருதுவும் பாரசீகமும் புழங்கிய சூழலோடு தொடர்புடைய ஒருவரை இது சுட்டலாம். அல்லது, இது ஆளின் பெயரே அன்று, கப்பலின் பெயர் என்றும் கொள்ளலாம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் கப்பற்பெயர்களில் இவ்வீறு வருவது கடல்வணிகம் பயில்வோர் அறிந்ததே. இவ்விரண்டில் எது சரி என்பதற்கு விடை பெயரில் இல்லை. பெயரையடுத்த உருபில் இருக்கிறது.

உடைய

மிகுதியாக வழங்கும் ஆங்கிலப் பெயர்ப்பில் பெயருக்கும் கப்பலுக்கும் இடையே வேற்றுமைக்குறி இல்லை. கப்பலுக்கும் மணிக்கும் இடையே மட்டும் உண்டு. மூலத்தில் உடைய என்பது இரண்டு முறை வர, பெயர்ப்பில் ஒரு முறையே உடைமை குறிக்கப்படுகிறது. இக்குறைவினால் 'முகையதீன் வக்குசு' என்பதனைக் கப்பலின் பெயராகக் கொள்ளும் பொருள் தானாகவே வந்துவிடுகிறது. பின்னர் எழுதியோர் அப்பெயர்ப்பிலிருந்து தமிழுக்கு மீண்டும் பெயர்த்தபோது 'முகைதீன் பக்ஸ் என்னும் கப்பலின் மணி' என்ற தொடர் பிறந்தது. மணியில் இல்லாத 'என்னும்' இப்போது தமிழிலேயே நிலைத்துவிட்டது. தமிழ் மூலம் ஒன்று ஆங்கிலம் சென்று தமிழுக்குத் திரும்பும் வழியில் ஓர் உருபை இழந்து ஓர் இடைச்சொல்லைப் பெற்றிருக்கிறது. மொழிபெயர்ப்புப் பயிலுவோர்க்கு இதனினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

பெயர் கப்பலினுடையதாயின் 'முகையதீன் வக்குசு கப்பல்' என இருபெயரொட்டாகவே எதிர்பார்க்கலாம். உடைய இடையில் நிற்கும்போது இருபெயரொட்டு அமைய வழியில்லை. ஆகவே இலக்கணம் சொல்வது: முகையதீன் வக்குசு உடைமையாளர், கப்பல் அவர் உடைமை, மணி அக்கப்பலுக்குரியது. இதற்கு ஒரு தடையும் உண்டு, அதனை மறைத்தல் ஆகாது. கப்பலுடையாரின் பெயர்களில் மரக்காயர், நயினார், நகுதா முதலிய சிறப்புப் பெயர்கள் வருவது வழக்கம். இங்கு அத்தகையது ஒன்றுமில்லை. ஆயினும் இல்லாத பட்டத்தைக் கொண்டு இருக்கும் உருபைத் தள்ளுவது முறையாகாது என்பதே என் துணிபு.

உடைய என்னும் சொல்லின் வரலாறும் இங்குப் பொருந்தும். தொல்காப்பியம் ஆறாம் வேற்றுமைக்கு அது என்னும் உருபைக் கூறும்; நன்னூல் அது, ஆது, அ என்பவற்றைக் கூறும். உடைய பிற்காலத்தில் சொல்லுருபாக வளர்ந்தது. முதலில் அது உடை என்னும் அடியிலிருந்து வந்த குறிப்புப் பெயரெச்சம். 'பொருள் உடைய மனிதன்' என்னும்போது உடைமை முன்னும் உடையவன் பின்னும் நிற்பர். உருபாகிய பின் வரிசை தலைகீழாகிறது: 'மனிதனுடைய பொருள்'. ஒரே வடிவம், எதிரெதிர் வரிசை. மணியின் வாசகத்தில் 'கப்பல் உடைய மணி' என்பதைப் பழைய பெயரெச்சப் பொருளில் படித்தால் கப்பலை உடைமையாகக் கொண்ட மணி என்றாகும், அது நகைப்புக்கிடமானது. ஆகவே இங்கு உடைய முழுமையாக உருபாகிவிட்டது. உயர்திணை உடையவனிடமிருந்து அஃறிணைப் பொருளுக்கும் அது பரவிவிட்டது. எழுதியவர் அதனைப் புணர்த்தி 'கப்பலுடைய' என்னாமல், இரண்டிடத்தும் உகரத்தை உயிரெழுத்தாகவே நிறுத்தியிருப்பதாகப் பாடம் காட்டுகிறது. உருபாகிய பின்னும் சொல் என்ற உணர்வு எழுதுவோரிடம் மறையவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இதன் அருகே தாய்லாந்தின் கிராபி மாநிலத்திலுள்ள குலோங் தோம் என்னுமிடத்தில் கிடைத்த உரைகல்லை வைத்துப் பார்க்கலாம். பொன்னின் மாற்று அறியும் சிறு கல் அது, கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டது. அதுவும் உடைமை வாசகமே: ஆளின் பெயர், அடுத்துப் பொருளின் பெயர். ஆனால் உருபு தொக்கு நிற்கிறது. பெரும்பதனுக்கும் கல்லுக்கும் இடையே எதுவும் தேவைப்படவில்லை. மணியிலோ உருபு இரு முறை விரிந்து நிற்கிறது. உரைகல்லின் தமிழையும் மணியின் தமிழையும் 'பழந்தமிழ்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது மொழி வரலாற்றையே மறுப்பதாகும்.

அக்குழப்பமும் பெயர்ப்பினால் வந்ததே. ஆங்கில நூல்கள் மணியின் எழுத்தைப் பழைய தமிழ் எழுத்து என்றன. வழக்கொழிந்த சில எழுத்து வடிவங்கள் உள்ளன என்பதே அவற்றின் கருத்து. தமிழில் பெயர்த்தோர் அதனைப் பழந்தமிழ் ஆக்கினர். மொழியியலில் பழந்தமிழ் என்பது சங்கப் பாடல்களையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் உள்ளடக்கிய ஒரு காலப் பகுப்பின் பெயர். மணியின் வாசகத்தில் அக்காலத்துக்கே உரிய கூறு ஒன்றும் இல்லை. சங்கப் பாடல்களில் கடற்கலத்துக்கு நாவாய், வங்கம், கலம் என்னும் சொற்களே பெரிதும் வரும். மணியில் இருப்பது கப்பல். இன்று பள்ளிச் சிறுவன் ஒருவன் அவ்வாசகத்தைக் கேட்டாலும் ஆட்பெயர் ஒன்றைத் தவிர அனைத்தும் விளங்கும்.

காலமும் இடமும்

மணி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையது, பிற்காலப் பாண்டியர் காலத்தது என்ற கருத்து எழுத்து வடிவங்களை அடிப்படையாகக் கொண்டது. எழுத்தமைதியால் காலம் கணிக்கும்போது ஒப்பிடப்படுவன ஒரே வகைப் பொருளில், ஒரே தொழில்முறையில் அமைந்தனவாக இருத்தல் வேண்டும். கோயிற் கல்வெட்டில் எழுதியவர் வேறு; கப்பலுக்கு மணி வார்த்தவர் வேறு. கன்னார் தம் முன்னோர் வடிவங்களைத் தலைமுறைகளாகப் பேணுவது இயல்பு. வீரமாமுனிவர் (1680–1747) காலத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டு காலம் காணலாமே என்றால் அதற்கும் வழியில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைக் குறிக்கும் முறையே அச்சீர்திருத்தம். மணியின் வாசகத்தில் இந்நான்கு உயிர்களில் ஒன்றேனும் இல்லை. முதலெழுத்தை மொ எனப் படித்தால் மட்டுமே அச்சான்று கிட்டும். ஆனால் வழங்கும் பாடம் மு என்கிறது. உடைய என்னும் உருபும் உதவாது. வைணவ வியாக்கியானங்களின் மணிப்பிரவாள நடையிலேயே அது மிகுதியாக வழங்குகிறது. அக்காலத்துக்கு முற்பட்டதன்று என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது. பாரசீகப் பெயரீறு பிந்திய காலத்தை, பதினேழு அல்லது பதினெட்டாம் நூற்றாண்டை, நோக்கி என் மனத்தைச் சாய்க்கிறது. சாய்வுதான், முடிவன்று.

இடத்தைப் பற்றியும் இவ்வாறே. கப்பல் என்னும் சொல் தமிழிலிருந்து மலாய் மொழிக்குச் சென்று காபால் என வழங்குவது அறிந்ததே. சோழமண்டலக் கரையில் நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களிலும், கடலுக்கு அப்பால் மலாக்கா, கெடா, அச்சே ஆகிய துறைகளிலும் தமிழ் பேசிய முசுலிம் வணிகர் இருந்தனர். இவ்வூர்களில் எங்கிருந்தவரும் இவ்வாசகத்தை எழுதியிருக்கலாம். மொழி தமிழ் என்பதால் மணி வார்க்கப்பட்ட ஊர் தமிழகத்தில் இருந்தது என்றாகாது.

இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இக்கட்டுரையாளர் வாழும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. பாத்திரக் கடையில் எவர்சில்வர்க் குடம் வாங்கிப் பெயர் வெட்டச் சொன்னால் கன்னடத்திலா, தமிழிலா என்று கேட்பார்கள். வெட்டுபவர் கன்னடர், எழுத்து தமிழ், குடம் வேறெங்கோ ஓர் ஆலையில் அடித்தது, வாங்கியவர் மகளின் சீர்வரிசையோடு அது நாளை மும்பைக்குப் போகலாம். பொருளை ஆக்கியவர், எழுத்தை இட்டவர், பெயருக்குரியவர், கடைசியாக வைத்திருந்தவர் ஆகிய நால்வரையும் ஒருவராகக் கொண்டு எழுதப்பட்டவையே தமிழ் மணி பற்றிய கட்டுரைகளில் பல. வாசகம் நேராகச் சொல்வது பெயருக்குரியவரை மட்டுமே. கோயில் மணிகளில் காணப்படும் உபயம் என்னும் சொல் இங்கு இல்லாமையால் இது கொடைப்பொருளும் அன்று, உடைமைக் குறியே.

பிற சான்றுகள் கூடும்போது மூலம் தெளிவாவதைச் செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்-கதீம் அகழாய்வில் காண்கிறோம். பழைய மையோசு ஓர்மோசு துறைமுகமான அவ்விடத்தில் கிடைத்த பானையோட்டில் கி.மு. முதல் நூற்றாண்டுத் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருந்தன. ஐராவதம் மகாதேவன் அதனைப் 'பானை ஒறி' எனப் படித்து, ஒறி என்பதனை உறியோடு இணைத்தார். அப்படிப்பில் மாறுபடுவோர் இருக்கலாம். ஆனால் ஓடு இந்திய மண்ணால் ஆனது என்பதை மட்பாண்ட வல்லுநர் தனியே கண்டனர். கிடைத்த மண்ணடுக்கு காலத்தைத் தனியே காட்டியது. எழுத்தாய்வாளர் தவறினாலும் மற்றவை நிற்கும். தமிழ் மணிக்கு மண்ணடுக்கு இல்லை. ஒரு மரம் மட்டுமே உண்டு, அதன் வயதும் நமக்குக் கிட்டவில்லை. புறத்தோற்றத்தை மட்டும் நம்பினால் பெரியோரும் வழுக்குவர். அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் அங்குக் கிடைத்த ரௌலட் கலங்களை மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தவை என்றார். பிந்திய ஆய்வுகள் அவை இந்தியாவிலேயே வனையப்பட்டவை என நிறுவின.

மணி நியூசிலாந்து சென்ற வழியைப் பற்றிய ஊகங்கள் பல. தமிழ்க் கடலோடிகள் பாலினீசியாவையும் ஆசுத்திரேலியாவையும் அறிந்திருக்கக் கூடும் என்று வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் கருதினார். போர்த்துகீசியர் கொண்டுசென்றனர் என்பாரும், பிடிக்கப்பட்ட கப்பல் ஒன்று ஆளின்றி மிதந்து சென்றது என்பாரும் உளர். 1975இல் பாலினீசியக் கழகத்தின் இதழில் மணியின் கதையைத் தொகுத்தெழுதிய பிரெட் ஹில்டர் தாமும் கடலோடி. இவற்றுள் எதனையும் வாசகம் ஆதரிக்கவோ மறுக்கவோ இல்லை. ஒரு செய்தியை மட்டும் நினைவூட்டுவேன். 1769 சூன் மாதம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 'சான் ழான் பத்தீசுத்' என்னும் பிரெஞ்சுக் கப்பல், ழான் டி சுர்வில் தலைமையில் அவ்வாண்டு திசம்பரில் நியூசிலாந்தின் வடமுனைக்கு அருகில் நங்கூரமிட்டது. அதில் இந்திய மாலுமிகளும் இருந்தனர். புயலில் அக்கப்பல் இழந்த நங்கூரங்களில் இரண்டு 1974இல் கடலடியிலிருந்து மீட்கப்பட்டன. கப்பற் குறிப்பேடுகளில் இழந்த இடம் எழுதியிருந்தமையால் அவற்றின் மூலம் ஐயமின்றித் தெரிந்தது. மணி அக்கப்பலில் வந்தது என்று நான் கூறவில்லை. சோழமண்டலத்துக்கும் அக்கரைக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுக்கு முன் நிகழ்ந்திருக்கக்கூடிய பயணம் ஒன்றைக் கற்பனை செய்வோர், நாளும் பெயரும் எழுதப்பட்டுள்ள பயணத்தை ஏன் கருதுவதில்லை என்பதே என் வினா.

அவ்வினாவுக்கு விடை ஆய்வுமுறையில் இல்லை, மனச்சாய்வில் இருக்கிறது. மணியைத் தமிழரின் கடற்பெருமைக்குச் சான்றாகக் காட்டும் மேடைகளில் சோழர் பெயர் வரும், பாண்டியர் பெயர் வரும். மணியில் எழுதியுள்ள பெயர் மட்டும் வருவதில்லை. வந்தாலும், 'அரபுப் பெயருடைய ஒரு கப்பல்' என்று கடந்துவிடுவர். என்னும் என்ற அந்த இடைச்சொல் இங்குதான் தன் வேலையைச் செய்கிறது. அது புகுந்தவுடன் முகையதீன் வக்குசு மனிதராக இராமல் மரக்கலமாகிவிடுகிறார். தமிழில் தம் உடைமையைப் பொறித்த ஒரு முசுலிம் கப்பலுடையாரை வரலாற்றிலிருந்து நீக்க ஓர் உருபை நீக்குவதே போதுமானதாக இருந்திருக்கிறது. மொழிபெயர்த்தோர் எவரும் இதனை எண்ணிச் செய்தார் என்று நான் கருதவில்லை.

செய்யத்தக்கது பெரிதன்று. மணியின் மைப்படி ஒன்றைக் கொண்டு எழுத்துக்கு எழுத்து நேர்படி ஒன்றும், புள்ளியும் இரட்டித்தலும் சேர்த்த பதிப்பு ஒன்றும் தனித்தனியே வெளியிடப்பட வேண்டும். வகரமும் பகரமும் மணியின் எழுத்துகளுக்குள்ளேயே ஒப்பிடப்பட வேண்டும். உலோகத்தை அறிந்தோர் தம் பங்கைச் சொல்லட்டும். அதுவரை பெயர்ப்புக்கு 'முகையதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி' என்ற தொடரைப் பரிந்துரைக்கிறேன். என்பார் என்னும் சொல் மணியில் இல்லை என்று ஒருவர் தடை கூறலாம். அது மெய்யே, இருமுறை வரும் உடைய ஒன்றை இன் உருபாக மாற்றியதும் மெய்யே. ஆனால் இப்பெயர்ப்பில் உடைமைக்குறி இரண்டும் உள்ளன, உடையவரும் உள்ளார்.